மூன்றரை நிமிடம்

"அஞ்சாம் மேசைக்கு மட்டும் இந்தப் பெட்டி சலுகை காட்டுதாம். புகார் மேலிடம் வரைக்கும் போயிடுச்சு. என்னன்னு பாரும்மா" என்றார் சிறை அதிகாரி.

பெண்கள் சிறையின் சந்திப்பு அறை அது. மேசைக்கு ஒரு சின்னப் பெட்டி. பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்ததும் பொத்தானை அழுத்துவார்கள். சரியாக முப்பதாவது நிமிடத்தில் அது அலற வேண்டும். ஐந்தாவது பெட்டி மட்டும் முப்பத்து மூன்றரை நிமிடம் ஆகும்வரை வாயைத் திறப்பதில்லை.

"இந்த மேசைக்குப் போட்டி போட்டு ஒருத்திக்கு நெத்தியில தையல் வேற" என்று அலுத்துக்கொண்டார் அதிகாரி.

மெக்கானிக் திருகாணிகளைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்ததுமே விஷயம் பிடிபட்டுவிட்டது.

"இதோ மேடம், மூணு காலோட ஒரு ஆரஞ்சு வில்லை. செராமிக். நேரத்துக்குத் தாளம் போடற இந்த இடத்துல கிரிஸ்டல்தான் இருக்கணும்."

"செராமிக்னா மட்டமா?"

"கிரிஸ்டல் அளவுக்குக் கறார் கிடையாது. ஆனா அரை மணி நேரத்துல சில நொடிதான் பிசகும். இங்க வில்லையோட துடிப்பே வேற. உள்ள இருக்கிற சிப்பு, நாப்பது லட்சம் துடிப்பு எண்ணினாத்தான் ஒரு நொடின்னு ஒத்துக்கும். இது நொடிக்கு முப்பத்தஞ்சே முக்கால் லட்சம்தான் துடிக்கும். ஏதோ பழைய டெலிபோன்ல இருந்து பிடுங்கினது. முன்னாடி இருந்த மெக்கானிக் கைக்குக் கிடைச்சதை வெச்சு ஒப்பேத்தியிருக்காங்க."

அதிகாரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பாதிக் குழந்தைங்க கிளம்பற நேரத்துலதான் பேசவே ஆரம்பிக்கும். முதல் கால் மணி நேரம் அம்மா முகத்தைக்கூடப் பார்க்காது. கடைசி மூணு நிமிஷத்துல இந்த மேசையில நடந்ததை எல்லாம் பார்த்தவ நான்." கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உதிரிப் பாகம் இல்ல, அடுத்த மாசம்தான் சரி பண்ண முடியும்னு எழுதிக் கொடுத்துடேன். நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

மெக்கானிக்கின் உள்ளங்கையில் புது கிரிஸ்டல் தயாராக இருந்தது. ஈயம் உருக்கும் சூட்டுக்கோலும் காய்ந்துவிட்டது. ஆனாலும் அவள் கை ஒரு கணம் நின்றது.

"வேணாம் மேடம். தையல் வாங்கினவளுக்கும் ரெண்டு குழந்தைங்க இருக்கு. மத்த நாலு மேசையிலயும் உட்கார்றது அம்மாங்கதானே?"

"இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்லும்மா."

யோசித்தால் கை ஓடாது என்று அவளுக்குத் தெரியும். சட்டென்று ஈயத்தை உருக்கி வில்லையைப் பிடுங்கினாள். கிரிஸ்டலைப் பொருத்தி, அதற்குத் துணையாக இரண்டு சின்ன கெப்பாசிட்டர்களையும் பற்றவைத்து மூடினாள்.

அதிகாரி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து காத்திருந்தார்கள். முப்பதாவது நிமிடம் முடிந்ததும், ஒரு நொடி முன்னே பின்னே இல்லாமல் பெட்டி அலறியது.

"சரியாயிடுச்சு" என்றார் அதிகாரி. குரலில் சந்தோஷம் இல்லை.

கையெழுத்துப் போட்டுக் கருவிப் பையை வாங்கி அலமாரியில் வைத்தார். இருவரும் நீண்ட தாழ்வாரத்தில் நடந்தார்கள். கடைசி இரும்புக் கதவைத் திறந்தவர், அதற்கு மேல் பொறுக்க முடியாமல் வெடித்தார்.

"நாளைக்குக் காலையில அஞ்சாம் மேசைக்கு வரப்போறது உன் பொண்ணு. அவளைப் பார்த்து முழுசா ஒரு வருஷமாச்சு. அதுக்காகத்தானேடி அப்படி எழுதச் சொன்னேன்!"

"தெரியும் மேடம்" என்றபடி உள்ளே போன மெக்கானிக், தன் அறைக் கதவை அவர் பூட்டுவதற்கு வசதியாக ஒதுங்கி நின்றாள்.