சாம்பியன் கேட்ட டிரா

சாம்பியனுக்கு வியர்த்துக் கொட்டியது. மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். எதிரே இருந்தவரைப் பார்த்தான். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தான்.

எதிரே இருந்தவருக்கு செஸ் கிளப்பில் 'ஆமை' என்று பெயர். பலகை முன்னால் உட்கார்ந்தால் உலகமே மறந்துபோகும் ஆள். சீருடைச் சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, ஒரே ஒரு சிப்பாயை நகர்த்துவதா வேண்டாமா என்று அரை மணி நேரமாக யோசித்துக்கொண்டிருந்தார். ரேட்டிங்கில் இரண்டு பேருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். போதாததற்கு ஆமையின் ராணி எப்போதோ போய்விட்டிருந்தது.

இந்தப் போட்டியில் ஆமை இதுவரை ஆடியதெல்லாம் தோல்வி. இதுதான் கடைசி ஆட்டம்.

"இன்னைக்கும் முட்டையோட வந்தீங்க, பலகை குப்பைக்குப் போயிடும். அப்புறம் செஸ்ஸுன்னு வாயே திறக்கக் கூடாது" என்று மனைவி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

வாசலில் ஆமையின் மச்சான் தலை தெரிந்தது. மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான். 'எழுந்து வாங்க' என்று கையை ஆட்டினான்.

தோற்றுவிட்டு வரச் சொல்கிறானா? அக்காவும் தம்பியும் ஒரே அச்சு! ஆமை முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் சிப்பாயிடம் வந்தார்.

சாம்பியன் சட்டென்று முன்னால் குனிந்தான்.

"அண்ணே, டிரா பண்ணிக்கலாமா?"

ஆமை நிமிர்ந்து பார்த்தார். "யாரு... நீங்களா கேக்குறீங்க?"

"நானேதான். சரின்னு சொல்லுங்கண்ணே, புண்ணியமாப் போகும்."

கை குலுக்கிய வேகத்தில் நாலு காய் உருண்டு கீழே விழுந்தது. ஆமை வாசலைப் பார்த்துக் கத்தினார்.

"டேய் மச்சான், டிரா! சாம்பியன் அவரா கேட்டாருடா! உங்கக்காகிட்ட போய்ச் சொல்லு!"

"ஐயோ மாமா, பெருமையெல்லாம் அப்புறம்!" என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டு வெளியே ஓடினான்.

ஆமை நிதானமாகச் சட்டையை மாட்டினார். ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார். சாம்பியன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே தவித்தான்.

"தம்பி, ஒளிக்காம சொல்லுங்க. என் ஆட்டத்துல எதைப் பார்த்து அப்படிப் பயந்தீங்க?"

வெளியே மச்சானின் விசில் நீளமாகக் கேட்டது.

"எங்க ஊருக்கு இதுதாண்ணே கடைசி பஸ். டிரைவரை இங்க உட்கார வச்சுட்டு நான் எப்படி ஊர் போய்ச் சேர்றது?"