அந்தக் கல்லூரி வேண்டாம்

"அந்தக் காலேஜ் பேரை இனிமே இந்த வீட்டுல எடுக்காதே."

தலைமையாசிரியர் மேசையில் கிடந்த இரண்டு விண்ணப்பங்களில் ஒன்றைக் கவிழ்த்து வைத்தார். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் அவர் குரல் மட்டும் இன்னும் பள்ளிக்கூடத்தை விட்டு வரவில்லை.

ஒரு வாரமாக இதே பேச்சுதான். விண்ணப்பம் அனுப்ப இன்று கடைசி நாள். அவர், மனைவி, மகள் மூன்று பேருக்குமே அலுத்துப் போயிருந்தது.

"பெரிய லா காலேஜ்ல இடம் நிச்சயம்னு தெரிஞ்சும் எதுக்கும்மா உனக்கு அந்த இடிஞ்ச கட்டடம்?"

"அங்கதான்ப்பா இலவச சட்ட உதவி மையம் இருக்கு. வக்கீல் வைக்க வழியில்லாதவங்க குடுக்கிற மனுவை எல்லாம் முதல் வருஷப் பசங்கதான் பிரிச்சுப் படிச்சுப் பதிவு பண்ணணும். நான் ஏழைங்களுக்காகத்தான் வாதாடப் போறேன். அதை அங்க போகாம வேற எங்க கத்துக்கறது?"

"ஊரார் வீட்டுச் சண்டையை எல்லாம் உட்கார்ந்து படிக்கப் போறியா? நம்ம குடும்பத்துல வீட்டு விஷயம் வாசப்படி தாண்டினது கிடையாது, தெரியுமில்ல?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலோரம் நின்று அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மகள் எதைப் படிக்கிறேன் என்றாலும், "அவ இஷ்டம்" என்று சொல்பவள்.

"அந்தக் காலேஜ் வேண்டாம்டி" என்றாள் அம்மா. "நாலு மாடி ஏறணும். லிஃப்ட் வேற கெட்டுக் கிடக்கு."

"நீயுமாம்மா? உனக்கு வேற நல்ல சாக்கே கிடைக்கலையா?"

அம்மா சட்டையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். மகள் பெரிய கல்லூரியின் விண்ணப்பத்தை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

தலைமையாசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவி ஒரு வாக்கியம் தொடங்கினால் அதை அவர்தான் முடித்து வைப்பது வழக்கம். இருபத்திரண்டு வருடத்தில் இன்றுதான் அவளாகவே அவர் பக்கம் பேசியிருக்கிறாள்.

"குடும்ப மானம்னா என்னன்னு உனக்காவது புரிஞ்சுதே. பரவாயில்லை" என்றார். "சரி, தண்ணி கொண்டா."

அவள் நகரவில்லை. இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். சட்டையை ஓரம் பிசகாமல் மடித்து அவர் முன்னால் வைத்தாள்.

"நான் மானத்துக்காகச் சொல்லலை" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அசதிதான் இருந்தது.

"பின்னே எதுக்கு?"

"விவாகரத்து கேட்டு நான் அங்க எழுதிக் குடுத்த மனுவை என் பொண்ணு படிக்கக் கூடாது."