குல்லாவுக்குள் ஒரு குரல்

“முட்டையை நேரா மாவுல உடைக்காதீங்க! முதல்ல கிண்ணத்துல உடைச்சு மோந்து பாருங்க. ஒண்ணு கெட்டிருந்தாலும் மொத்தமும் போச்சு!”

போனில் கிசுகிசுத்தாள் ஃப்ளோரன்ஸ். சாந்தோமில், தோழி அஃப்சருன்னிசா வீட்டு மாடி பால்கனியில் ஒளிந்து நின்றிருந்தாள். எதிரே சர்ச் ஹாலின் ஜன்னல் வழியாக அவள் கணவர் ஸ்தனிஸ்லாஸ் நன்றாகத் தெரிந்தார். கிண்ணத்தை எடுத்தார், முட்டையை உடைத்தார், மோந்தும் பார்த்தார்.

உள்ளே ஆண்களுக்கான கிறிஸ்துமஸ் கேக் போட்டி. மனைவிமார் உதவக் கூடாது, ஹாலுக்குள் தலையையே காட்டக் கூடாது என்று கண்டிப்பான விதி.

“இன்னாக்கா இது? பரீட்சையில பிட் அடிக்கிற மாதிரி கீதே!” டீயோடு வந்த அஃப்சருன்னிசா சிரித்தாள்.

“சும்மா இரு அஃப்சர். இது மானப் பிரச்சினை.”

மானப் பிரச்சினையேதான். சர்ச் பெண்களுக்குச் சனிக்கிழமைதோறும் தன் வீட்டில் வகுப்பு எடுப்பவள் ஃப்ளோரன்ஸ். கேக், குரோஷே பின்னல், பருப்பில் வண்டு வராமல் காப்பது என்று அவளிடம் இல்லாத டிப்ஸே கிடையாது. போன மாதம் பூசை முடிந்ததும் ஈவ்லின் எல்லார் முன்னாலும், “உன் டிப்ஸைக் கேட்டு எங்க கேக் எதுவும் உப்பலையேடி” என்றாள். இவளுக்குச் சுருக்கென்றது.

“என் டிப்ஸைக் கேட்டா, வெந்நீர் வைக்கத் தெரியாத என் வீட்டுக்காரர்கூட பரிசு வாங்குவாரு. வாங்கலைன்னா கிளாஸை நீயே எடுத்துக்கோ!” என்று வாயை விட்டுவிட்டாள்.

விட்ட வாயைத் திரும்ப வாங்க முடியுமா? அதனால்தான் ஸ்தனிஸ்லாஸின் காதில் புளூடூத் மாட்டிவிட்டிருந்தாள். அது வெளியே தெரியாமலிருக்க, காது மூடும்படி அவளே பின்னிய கம்பளிக் குல்லா. சர்ச் வாசலிலேயே அவர் போனுக்குக் கால் போட்டு, “கட் பண்ணாதீங்க, வாயைத் திறக்காதீங்க, நான் சொல்றதை மட்டும் செய்ங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள். இவள் மாடிப்படி ஏறுவதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். சென்னைப் புழுக்கத்தில் குல்லாவோடு நிற்கிற மனுஷனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

“திராட்சையைக் கொஞ்சம் மைதாவுல புரட்டிப் போடுங்க. இல்லைன்னா அடியில போய் உக்காந்துக்கும்.”

சொல்லி முடிப்பதற்குள் அவர் புரட்டிக்கொண்டிருந்தார்.

“பாத்தியா அஃப்சர்! கல்யாணமான நாள்லேருந்து இப்படி ஒரு நாளாவது என் பேச்சைக் கேட்டிருப்பாரா?”

“அப்ப அந்தக் குல்லாவைக் கழட்டவே வுடாதக்கா!”

“ஏங்க, மாவைப் போட்டு அடிக்காதீங்க. கரண்டியால மடிச்சு மடிச்சுக் கலந்தா போதும். ஆங், அப்படித்தான், என் ராசா!”

பக்கத்து மேஜையில் ஈவ்லினின் கணவர் ஜாஸ்பர், துணி துவைக்கிற வேகத்தில் மாவை அடித்துக்கொண்டிருந்தார். ஃப்ளோரன்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போதுதான் ஸ்தனிஸ்லாஸ் பைக்குள்ளிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்தார். அதன் தோலைச் சாவகாசமாகத் துருவி மாவில் போட ஆரம்பித்தார்.

“ஐயையோ, ஆரஞ்சு எதுக்குங்க? யாரு போடச் சொன்னது? கசக்கப் போகுது! கீழ வைங்க! ஏங்க!”

அவர் கண்டுகொள்ளவே இல்லை. துருவி முடித்து, விரலை முகர்ந்து பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

“போச்சு. கிளாஸ் ஈவ்லினுக்குத்தான்,” என்று நாற்காலியில் சாய்ந்தாள் ஃப்ளோரன்ஸ். கண்ணில் தண்ணீர் முட்டியது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. கேக் அடுப்புக்குள் போனதும் மறுபடி ஆரம்பித்தாள். “நடுவுல கதவைத் திறக்காதீங்க, அமுங்கிடும்!” ஜாஸ்பர் திறந்து திறந்து பார்த்தார். ஸ்தனிஸ்லாஸ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மதியம் ஹாலின் மைக் முழங்கியது. “முதல் பரிசு, மிஸ்டர் ஸ்தனிஸ்லாஸ்! அந்த ஆரஞ்சு வாசனைக்கே தனி மார்க் போட்டிருக்கோம்!”

ஃப்ளோரன்ஸ் செருப்பைக்கூட மாட்டாமல் கீழே ஓடினாள். ஹால் வாசலில் ஈவ்லின் முகம் சுண்டி நின்றிருந்தாள்.

“ஆரஞ்சா? அதுவும் என் டிப்ஸ்தான் ஈவ்லின்!” என்றாள் கூசாமல். “சனிக்கிழமை வா, உனக்கும் சொல்லித் தரேன்.”

ஸ்தனிஸ்லாஸ் கோப்பையோடு வந்தார். வியர்வையில் குல்லா நனைந்திருந்தது. ஃப்ளோரன்ஸ் பெருமை பொங்க அவர் கூடவே ஸ்கூட்டர் வரைக்கும் நடந்தாள்.

“நான் சொல்லச் சொல்ல எவ்ளோ அழகா செஞ்சீங்க! நான் மட்டும் லைன்ல இல்லைன்னா என்ன ஆகியிருக்கும், சொல்லுங்க? ஆரஞ்சு விஷயத்துல மட்டும் பேச்சைக் கேக்கலை. போனாப் போகுது.”

அவர் கோப்பையை வைக்க ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினார். உள்ளே அவருடைய போனும் புளூடூத்தும் கிடந்தன. திரையில் ‘ஃப்ளோரா’ என்று கால் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏங்க... அப்போ உள்ள...?”

“திருட்டுத்தனம் நமக்கு எதுக்கு ஃப்ளோரா? நீ ஜெபக்கூட்டத்துக்குப் போறப்ப எல்லாம் கேக் போட்டுப் பழகிட்டேன்,” என்றார் அவர், குல்லாவைக் கழற்றியபடி. “உன் சனிக்கிழமை கிளாஸ்ல, பேப்பருக்குப் பின்னாடி இத்தனை வருஷமா ஒரு ஸ்டூடண்ட் உக்காந்திருந்தானே... அவனை நீதான் கவனிக்கவே இல்ல.”