சி.ஆர்.பி. 148

"அண்ணி, திருநீறு பூசாதீங்க. இது ஆஸ்பத்திரி, கோயில் இல்ல" என்றாள் கலாதேவி.

முத்தம்மா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். தம்பியைப் பார்க்க ஆயர் தாவாரிலிருந்து பஸ் மாறி ஈப்போவுக்கு வந்திருந்தாள். ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகும் தோட்டத்து வீட்டை விடாதவள்.

"பையில என்ன?"

"முருங்கக்கீர சூப்பு. தம்பிக்குப் புடிக்கும்னு..."

"ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடுறாரு. கீரையக் கண்ட மாதிரி குடுக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது?"

"எனக்கு என்னாம்மா தெரியும். நீ சொன்னா சரிதான்."

கட்டிலில் அந்தத் தம்பி, கலாதேவியின் கணவர் கனகராஜ் படுத்திருந்தார். நவம்பரில் நெஞ்சைத் திறந்து இதய வால்வை மாற்றியிருந்தார்கள். நல்லபடியாகத்தான் தேறினார். உடம்புக்குள் எங்காவது அழற்சி இருந்தால் ரத்தத்தில் எகிறும் சி.ஆர்.பி. அளவுகூட, ஜனவரியில் நான்குக்கு இறங்கிவிட்டது. பிப்ரவரிக் கடைசியில் குளிர்க்காய்ச்சல். மறுபடி சேர்த்து ரத்தம் எடுத்துப் பார்த்தால், 148.

இதெல்லாம் கலாதேவிக்கு அத்துப்படி. கான்வென்டில் படித்தவள். மாத்திரை, சாப்பாடு, குடிக்கும் தண்ணீரின் அளவு எல்லாம் அவள் கணக்குத்தான். கனகராஜும் வேறு யார் சொல்லையும் கேட்கிற ஆள் இல்லை. சாமி, பூசாரி, நேர்த்திக்கடன் இதிலெல்லாம் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. அதை எல்லாரிடமும் சொல்லியும் வைத்திருந்தாள்.

டாக்டர் தினேஸ்வரி ரிப்போர்ட்டோடு வந்தார்.

"கிருமி என்னன்னு தெரிஞ்சிருச்சு. புது வால்வுல போய் ஒட்டியிருக்கு. வழக்கமா வாயில இருக்கிற கிருமி இது. பல்லு ஏதும் புடுங்கினீங்களா, அங்கிள்?"

கலாதேவிதான் பதில் சொன்னாள். "இல்ல டாக்டர். பல்லுல கை வைக்கிறதுன்னா மொதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு எனக்குத் தெரியும்."

"வாயத் திறங்க, பாப்போம். நாக்க நீட்டுங்க." டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "நடுவுல என்ன தழும்பு?"

கனகராஜ் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"தைப்பூசத்துக்கு வேல் குத்தினேன். சின்ன வேல்தான்."

"வால்வு மாத்தி மூனு மாசம்கூட ஆகாம, நாக்குல குத்தினீங்களா?"

"அக்கா நேர்ந்துகிட்டிருச்சு, டாக்டர். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா என்னைய வேல் குத்த வைக்கிறேன்னு. சாமி காரியம். மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

எல்லாரும் முத்தம்மாவைப் பார்த்தார்கள். கலாதேவி மட்டும் ரிப்போர்ட்டைப் பார்த்தாள்.

முத்தம்மா ஒருமுறை கலாதேவியைப் பார்த்துவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"ஆமாம்மா. நான்தான் நேர்ந்தேன்."

"பால்குடம்னு நேர்ந்திருக்கலாமே, ஆன்ட்டி" என்றார் டாக்டர்.

தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு வந்திருந்த மகன் சுரேன் அந்த அளவுக்குப் பொறுமைசாலி இல்லை.

"என்னா அத்த நீங்க? வேண்டிக்கிறது நீங்க, படுத்துக் கெடக்கிறது அப்பாவா? ஒங்க நாக்குல குத்திக்கிட்டிருக்கலாம்லா."

"தப்புதான்யா."

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா?"

டாக்டர் குறுக்கே வந்தார். "ஆறு வாரம் இங்கயே வச்சு நரம்பு வழியா மருந்து ஏத்தணும். இந்த 148 இறங்கணும். காய்ச்சலும் விடணும். இல்லன்னா நெஞ்ச மறுபடியும் திறக்க வேண்டி வரும். அவரு தாங்குவாரான்னு என்னால சொல்ல முடியாது."

"ஆறு வாரமா?" கனகராஜ் எழுந்து உட்கார்ந்து கையிலிருந்த டியூபைப் பிடித்தார். "இதக் கழட்டுங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

சுரேன் தோளைப் பிடித்தான். உதறினார். நர்ஸ் சொன்னார். காதில் வாங்கவில்லை.

"படுங்க" என்றாள் கலாதேவி.

படுத்துவிட்டார்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் சுரேன் அத்தையின் பையை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"கெளம்புங்க அத்த. அப்பா வீடு திரும்புற வரைக்கும் இங்க வர வேணாம்."

முத்தம்மா தம்பியைப் பார்த்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பையோடு வெளியே நடந்தாள்.

லிஃப்ட் வாசலில் நின்றபோது பின்னால் செருப்புச் சத்தம். கலாதேவி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"அண்ணி, நீங்க எதுக்கு ஆமான்னு சொன்னீங்க?"

"பின்ன என்னா சொல்றது? நான் நேரலன்னு எனக்குத் தெரியும். என் பேரச் சொன்னா அவன் தட்ட மாட்டான்னு ஒனக்குத் தெரியும்."

கலாதேவி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல ஏழு மணி நேரம் உக்காந்திருந்தேன், அண்ணி. அப்ப வேண்டிக்கிட்டேன். நான்தான்னு வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு, நீங்க நேர்ந்ததா அவருகிட்ட சொல்லிட்டேன். சின்ன வேல்தானே, ஒன்னும் ஆகாதுன்னு நெனச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க, உள்ள போய் சுரேன்கிட்டயும் அவருகிட்டயும் உள்ளதச் சொல்லிர்றேன்."

லிஃப்ட் திறந்தது. முத்தம்மா ஏறித் திரும்பி நின்றாள்.

"ஒன்னும் சொல்லாத. ஆறு வாரம் அவன் ஒன் பேச்சுக்குத்தான் படுத்துக் கெடக்கணும். என் பேரு கெட்டா அந்த நம்பர் ஏறப் போறதில்ல."