ஒரு தீக்குச்சி போதும்

காசிக்குப் போவதற்காக விளக்குத்தூண் பக்கத்துக் கடையில் ஸ்வெட்டர் வாங்க வந்த மலையாண்டி, மீசையை முறுக்கிக்கொண்டே கடைக்காரர் பாதுஷாவைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அண்ணே, நீங்க எடுத்தது நைலான். அசல் காஷ்மீர் ஆட்டு முடியில பின்னுனது மேல் தட்டுல இருக்கு. வெலதான் கூட."

"கூடுதல் விலைச் சரக்க என் தலையில கட்டப் பாக்குற. இருபது வருசம் ரெவின்யூவுல இருந்தவன் நான். ஒன்ன மாதிரி எம்புட்டுப் பேரப் பாத்திருப்பேன்."

கையிலிருந்த ஸ்வெட்டரிலிருந்து ஓர் இழையை உருவினார்.

"அசலா இருந்தா எரிக்கையில முடி கருகுற வாசம் வரும். நைலானா இருந்தா பிளாஸ்டிக் வாசம். கத்துக்க பாய்."

தீக்குச்சியைக் கிழித்து இழையில் வைத்தவர், அப்படியே மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி..." என்று பாதுஷா பதறினார்.

"நடுவுல பேசாத. முடி வாசம் வருதா இல்லையா?"

"வருது. ஆனா..."

"என்னய்யா ஆனா? வாங்குறவனுக்குத் தெரியுது, விக்கிறவனுக்குத் தெரியல. நீயெல்லாம் கடை வச்சிருக்க. இதையே கட்டிக் குடு."

நைலான் விலைக்கு அசல் காஷ்மீரை வாங்கிவிட்ட மிதப்பில் திருநகர் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்த மனைவி ஒச்சாயி, பொட்டலத்தைப் பார்க்கவே இல்லை.

"ஏங்க, மீசையில ஒரு பக்கத்தக் காணோமே?"