சிவப்புப் பக்கம்

படகு வருவதற்கு முன்பே அதன் அலை வந்துவிட்டது. துறையில் கட்டியிருந்த பழைய டயர்கள் முனகின.

பைலின் வரிசையில் ஐந்தாவதாக நின்றாள். நான் பதினோராவது ஆள். தலையில் என் மனைவியின் அகலத் தொப்பி, முகத்தில் மாஸ்க். பெற்ற மகளைத் திருட்டுத்தனமாகப் பின்தொடரும் அப்பன் பாங்காக்கிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நேற்று சாப்பிடும்போது அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "நாளைலேருந்து நான் தனியாத்தான் போவேன். பின்னாடி வந்து நிக்கிறதப் பாத்தேன்னா அன்னிக்கே வேலைய விட்ருவேன். சத்தியமா."

சொன்னால் செய்வாள். இருபத்திரண்டு வயதில் கிடைத்த முதல் வேலை. போபே சந்தையில் ஒரு துணிக்கடையில் சட்டைகளை அளவு பார்த்து அடுக்க வேண்டும். மெதுவாகச் செய்தாலும் பரவாயில்லை, நேரத்துக்கு வந்து சேர்ந்தால் போதும் என்றாள் கடைக்கார அம்மா.

வந்து சேர்வதுதான் பெரும்பாடு.

டிஸ்பிராக்சியா என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். புத்தியில் ஒரு குறையும் இல்லை, மனசு சொல்வது கைகாலுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது, அவ்வளவுதான் என்றார். அவ்வளவுதானாம்! பட்டன், படிக்கட்டு, இடம், வலம், எல்லாமே அவளுக்குத் தினமும் புதிது.

அதனால் அவளுடைய இடது கட்டைவிரல் நகத்தில் சிவப்புச் சாயம் பூசினோம். கரையேறியதும் சிவப்புப் பக்கம் திரும்பினால் கடை. படகுக்கு மூன்று எண்ணிக்கை. ஒன்று, கயிறு. இரண்டு, விளிம்பு. மூன்று, கரை. மூன்று மாதம் தினமும் கூடவே வந்தேன். இந்த வாய்க்கால் அவள் செருப்பில் இரண்டைத் தின்றிருக்கிறது. என்னுடையதில் ஒன்று.

இந்தப் படகுகள் எங்கே நிற்கின்றன? துறையோரம் கொஞ்சம் தயங்கும், அந்த நேரத்துக்குள் ஏறிக்கொள்ள வேண்டும்.

அவள் எண்ணினாள். ஏறிவிட்டாள். நான் முன்னால் நின்ற ஒரு மாணவனின் தோளைப் பற்றிக்கொண்டு ஏறினேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

உள்ளே நீலத் திரை வழியாக வந்த காலை வெயில் எல்லார் முகத்தையும் நீலமாக்கியிருந்தது. பாலங்களின் அடிவயிற்றில் நீரின் வெளிச்சம் நெளிந்தது. யாரோ ஒட்டரிசிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள், சுட்ட பன்றியிறைச்சி மணந்தது. ஓர் உடும்பு எந்த அவசரமும் இல்லாமல் எங்களோடு நீந்தி வந்து, பிறகு எங்களை மறந்துவிட்டுப் போனது.

மூன்று வரிசை முன்னால் பைலினின் பின்கழுத்து தெரிந்தது. பிறந்த அன்று முதலில் நான் தாங்கிப் பிடித்த கழுத்து. படகு இப்படியே கடல்வரை போய்விட்டால்கூட நல்லதுதான் என்று தோன்றியது.

எதிரே இன்னொரு படகு சீறி வந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் கயிற்றை இழுத்து, தண்ணீர் தெறிக்காதபடி திரையைத் தூக்க வேண்டும். ஓரத்தில் நான் இருந்தேன். இழுத்தேன். திரை மேலே போகாமல் கீழே சரிந்தது.

பக்கத்து இருக்கைப் பெண் தொப்பலாக நனைந்துவிட்டாள். "அய்யய்யோ! கயிறு இழுக்கத் தெரியாத ஆளு எதுக்குய்யா ஓரத்துல உக்காந்த?"

தொப்பிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன். நல்லவேளை, பைலின் திரும்பவில்லை. அவள் பக்கத்துத் திரை மட்டும் நேராக உயர்ந்து நின்றது. கயிறு அவள் கையில் இருந்தது.

அதை நான் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவே இல்லை. பிளாஸ்திரி சுற்றிய கட்டைவிரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

போபே வந்தது.

எழுந்தாள். உதடு அசைந்தது. கயிறு. விளிம்பு. படகு ஒரு பக்கம் தாழ்ந்தது.

கரை. இரண்டு காலும்.

யாரும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

கடைக்குள் அவள் நுழைவதை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டால் போதும் என்று நானும் எழுந்தேன். ஒன்று. கயிறு எந்தக் கையில்?

மூன்று மாதமும் அவள் தோளில் கைவைத்துத்தான் இந்த விளிம்பைத் தாண்டியிருக்கிறேன். நான் அவளைப் பிடித்திருப்பதாகவே நினைத்திருந்தேன். இன்று அந்தத் தோள் கரையில் இருந்தது.

"இறங்குறீங்களா, இல்ல இங்கயே குடியிருக்கப் போறீங்களா?" என்று கண்டக்டர் கத்தினார். படகு குலுங்கிக் கிளம்பியது. தொப்பி தண்ணீரில் விழுந்தது.

சத்தம் கேட்டு பைலின் திரும்பினாள். நேருக்கு நேர் பார்த்துவிட்டாள்.

போச்சு. வேலை போச்சு. என்னால்தான் போச்சு.

அவள் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் வாயருகே குவித்தாள். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"அப்பா, எந்திரிக்காதீங்க! அடுத்தது கடைசித் துறை. படகக் கட்டுன அப்புறம் இறங்குங்க! எனக்கு வேலைக்கு நேரமாச்சு!"

உட்கார்ந்தேன்.

மருத்துவர் அன்று இன்னொன்றும் கேட்டிருந்தார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா? இல்லவே இல்லை என்றேன். என் மனைவி மின்விசிறியைப் பார்த்தாள். படகு எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிச் சொல்லியே இருபது வருஷம் பஸ்ஸில் போனவன் நான். பைலினைக் கடையில் விட்டுத் திரும்பும்போதும் பஸ்தான்.

கரையில் அவள் சின்னதாகிக்கொண்டே போனாள். பையை எடுத்துக்கொண்டாள். கடையை நோக்கிச் சரியாகத் திரும்பினாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக மறுபடி என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"இறங்கி, பஸ்ஸுக்கு சிவப்புப் பக்கம் திரும்புங்கப்பா! பிளாஸ்திரியப் பிரிச்சுப் பாத்துக்கோங்க!"

பிரித்தேன். அடியில் நான் மறைத்து வைத்திருந்த என் நகமும் சிவப்பாக இருந்தது.