வேண்டாம் என்று எழுத

‘நாட் இன்ட்ரஸ்டட்’ என்று அடித்தான்.

சீ. கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கூப்பிடுகிறவர்களிடம் சொல்கிற பேச்சு இது. அழித்தான்.

‘ஐ கான்ட் அக்செப்ட்.’ மொட்டையாக இருந்தது. அதையும் அழித்தான்.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்வந்த சேலையைக்கூட மாற்றாமல் மனைவி ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஃபோன் அவன் கையில்.

மாலத்தீவில் டீச்சர் வேலை. இரண்டு வருட ஒப்பந்தம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்து இன்டர்வியூவுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். அவன் இங்கிலீஷ் வாத்தியார். அவள் கணக்கு டீச்சர். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே போனான்.

வேலை அவளுக்குக் கிடைத்தது.

அவனுக்கு ஒரு பதில்கூட வரவில்லை.

வயிறு எரிந்தது. கட்டிய பெண்டாட்டியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் ஊரில் உண்டா? உண்டு. இதோ, கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து இங்கிலீஷ் தேடிக்கொண்டிருக்கிறான்.

செய்தி வந்த அன்று அவள் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, “நான் போகல்ல” என்றாள்.

“உன் இஷ்டம்” என்றான். எவ்வளவு சீக்கிரம் சொன்னான், மனுஷன்!

இங்கிலீஷில் எழுத அவளுக்குப் பயம். எழுதித் தரச் சொல்லி ஃபோனை நீட்டிவிட்டாள்.

‘ஐ ரிக்ரெட்’ என்று தொடங்கினான். இது தேவலை. கடைசியில் ‘அட் பிரசென்ட்’ என்று சேர்த்தான்.

தற்சமயம் முடியாது.

அப்படியானால் அடுத்த வருடம் மறுபடி கூப்பிடுவார்களே?

அழித்தான். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தே அழித்தான்.

ஒன்பதாம் வகுப்புக்கு வருடா வருடம் இந்தப் பாடத்தைத்தான் நடத்துகிறான். ஒருவர் தருவதை மனம் நோகாமல் எப்படி மறுப்பது. தொண்டை வறள நடத்துவான். ஆனால் அவனுக்கு யார் எதை நீட்டினார்கள், வேண்டாம் என்று சொல்வதற்கு? கல்யாண வீட்டில் இரண்டாம் தடவை பாயசம் வேண்டுமா என்று கேட்டார்கள், அதோடு சரி. அதையும் வாங்கிக் குடித்துவிட்டான்.

இன்றைக்குத்தான் வாய்த்திருக்கிறது. அவள் பெயரில் என்றால் என்ன?

‘வித் டீப் கிராட்டிட்யூட்’ என்று போட்டான். கூப்பிட்டது தன்னைத்தான், பெரிய மனது பண்ணி மறுப்பதும் தான்தான் என்பதுபோல் ஒரு சுகம். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நல்ல இங்கிலீஷை அவன் ஆயுசில் எழுதியதில்லை.

வாசித்துக் காட்டினான். நடுவில் குரல்கூடக் கம்மியது.

அவள் முழுவதையும் கேட்டாள்.

“நல்லா இருக்கு,” என்றாள். “போகல்லண்ணு சொல்ல எத்தனை விதம் தேடுறீங்க. போயிட்டு வாண்ணு ஒருக்கா கூட சொல்லல்லியே.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

போயிட்டு வா. அதற்கு என்ன இங்கிலீஷ் வேண்டிக்கிடக்கிறது? தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போகிறவளிடம் தினமும் சொல்வதுதான்.

அவள் எழுந்து போகவில்லை. சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான்.

“ஸ்பெல்லிங் எல்லாம் சரியாத்தான் இருக்கு,” என்றான். “அனுப்பட்டா?”